அவிட்டம் பொறக்கறதுக்குள்ள

சர்ரக் என்று ஒரு சத்தம். பாதியில் ஒரு கணம் நின்று, மீதியும் கிழிகிறது. என் கண் மூடியிருக்கிறது என்பதே அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மா நேற்றைக் கிழித்துப் போடுகிறார். தினமும் குளித்து, விளக்கேற்றி, தலையில் சுற்றிய ஈரத் துண்டோடு நாள்காட்டி முன்னால் நின்று கிழிப்பார். இந்த லைன் வீடுகளில் எங்களுடையது முதல் வீடு. அவர் வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அவர் கடுகு தாளிப்பதும் கொட்டாவி விடுவதும் எங்களுக்குக் கேட்கும், நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்கும். கண்ணைத் திறக்கிறேன். எதிரே கட்டிலில் அப்பாவின் முகம். வலது கன்னம் மழித்து முடிந்திருக்கிறது, இடது கன்னத்தில் சோப்பு நுரை. என் கையில் ஷேவிங் செட். அது அவர் கழுத்துக்கு ஒரு விரற்கடை மேலே அப்படியே நிற்கிறது. தூங்கியிருக்கிறேன். கையில் பிளேடை வைத்துக்கொண்டு, அப்பாவின் கழுத்துக்கு நேராக, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நுரையின் ஓரம் காய்ந்து, வெயிலில் கிடந்த சேறு மாதிரி வெடித்திருக்கிறது. செட்டை மெதுவாக விலக்கித் தண்ணீர்க் கிண்ணத்தில் போடுகிறேன். அது அடியில் தட்டும் சத்தத்துக்கு அப்பாவின் இமை அசையவில்லை.

மூச்சு இருக்கிறதா. குனிந்து காதைக் கிட்டக் கொண்டுபோகிறேன். ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கேட்காது. மில்லில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்தால் மத்தியானம் வரைக்கும் காதுக்குள் நூல் சுற்றும் கதிர்கள் ஓடிக்கொண்டே இருக்கும்; அந்த இரைச்சலுக்கு மேலே வந்தால்தான் எனக்குச் சத்தம், அதற்குக் கீழே இருப்பதெல்லாம் இல்லாத மாதிரி. காகிதம் கிழிவது கேட்கிறது, பெற்றவரின் மூச்சு கேட்க மாட்டேன் என்கிறது. மூக்குக்கு நேராகப் புறங்கையை வைக்கிறேன். ஈரக் கை என்பதால் காற்றடிக்கிற இடமெல்லாம் சில்லென்கிறது, ஆடி மாசத்துக் காற்று வேறு, ஜன்னல் சந்து வழியாக வந்துகொண்டே இருக்கிறது, எது காற்று எது மூச்சு என்று பிரிக்க முடியவில்லை. மார்பைப் பார்க்கிறேன். துண்டு போர்த்திய மார்பு. ஏறுகிறதா. இறங்குகிறதா. மில்லில் நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும், அறுந்த நுனி கதிரில் படபடவென்று அடிக்கும், விரலால் பிடித்து ஒட்டிவிடலாம், மெஷினை நிறுத்தக்கூட வேண்டாம். இது அறுந்தால் அப்படி எதுவும் அடிக்காது. ஏறியது. துண்டு ஏறியது. நான் மூச்சை விடுகிறேன். எவ்வளவு நேரமாகப் பிடித்துக்கொண்டிருந்தேனோ.

காலையில் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கேட்டது இதைத்தான். மொகத்த மழிச்சு உடு சாமி, என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. என் பெண்டாட்டி கலாமணி சத்துணவுக் கூடத்துச் சமையலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டியபடியே சொன்னாள், நேற்று சாயங்காலத்திலிருந்து கஞ்சி வேண்டாமென்று சொல்லிவிட்டாராம், தண்ணீர்கூட, ஸ்பூனை உதட்டில் வைத்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாராம். தொண்டை இறுகியிருக்குமோ, அவள் கேட்கவில்லை, அவள் கண் கேட்டது. மேடை மேல கஞ்சி மூடி வெச்சுருக்கறன், எதுக்கும் ஒருவாட்டி குடுத்துப் பாருங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். சாப்பாட்டை நிறுத்திவிட்டு முகத்தை மழிக்கச் சொல்கிறவர். எதற்கு மழிக்கச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிகிறது, தெரியாத மாதிரி வெந்நீர் வைத்தேன். முதல் கன்னத்துக்கே பெரும்பாடு. கன்னம் குழிந்து பல்லோடு ஒட்டிக்கிடக்கிறது, பிளேடு குழிக்குள் இறங்க மாட்டேன் என்கிறது. கொஞ்சம் உப்புங்கப்பா என்றேன். உதட்டைக் குவித்தார், காற்று நிற்கவில்லை, புஸ்ஸென்று ஓரத்தில் போய்விட்டது. அப்புறம் நானே வாய்க்குள் விரலை விட்டுக் கன்னத்தை உள்ளிருந்து தள்ளிப் பிடித்து மழித்தேன். அந்த வாய் காய்ந்து, பஞ்சுக் குடோனுக்குள் கையை விட்ட மாதிரி இருந்தது. அந்த விரலை இன்னும் மடக்கியே வைத்திருக்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம். ஷிஃப்டுக்குக் கிளம்பி, டிபன் டப்பாவைப் பையில் போட்டு, கதவைச் சாத்தப் போகிற நேரம். வீட்டுக்காரம்மா சுலோச்சனாம்மா வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கிண்ணம், இளநீர் வழுக்கை, அப்பாவுக்கு. அவர் கெட்டவர் இல்லை, கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது. எப்படி இருக்காருங்க என்றார். அப்படியேதானுங்க என்றேன். கிண்ணத்தைக் கொடுத்தார். போகவில்லை. நிலையில் இருந்த பழைய மாவிலைக் காம்பைப் பிய்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னைப் பார்க்காமல், குரலைத் தாழ்த்தாமல், ஏதோ கரண்ட் போகப்போகிற நேரத்தைச் சொல்வதுபோல, "நாளைக்கு உச்சி நேரத்துல அவிட்டம் பொறக்குதுங்க தம்பி" என்றார். அவ்வளவுதான். கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று சொல்லவில்லை. காலி செய்யுங்கள் என்று சொல்லவில்லை. சரிங்கம்மா என்றேன். எதற்குச் சரி என்றேன்? மில் வரைக்கும் சைக்கிளை மிதித்துக்கொண்டே அந்தச் சரியைத்தான் மென்றுகொண்டு போனேன்.

அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி. அவிட்டத்தில் நுழைந்தால் ரேவதி முடிகிற வரைக்கும் அஞ்சு நாள். அந்த அஞ்சு நாளில் ஒரு வீட்டில் உயிர் போனால் அடைப்பு. உயிர் போன அறையை ஆறு மாசம் பூட்டிவைக்க வேண்டும். சாயங்காலமானால் உள்ளே விளக்கு மட்டும் வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். வாசல் வழியாகப் பிணத்தை எடுக்கக்கூடாது, பின்சுவரை இடித்துத்தான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் போனவர் தனியாகப் போகமாட்டார், வீட்டில் இன்னொருத்தரையும் கூப்பிடுவார். இதெல்லாம் நாள்காட்டியின் பின்னட்டையிலேயே கட்டம் போட்டு அச்சடித்திருக்கிறது, பல்லி விழும் பலனுக்குக் கீழே. அறையைப் பூட்டு என்றால் எந்த அறையை? எங்களுக்கு இருப்பதே ஒரு அறை. ஓரத்தில் ஒரு மேடை, அதில் அடுப்பு. அதைப் பூட்டிவிட்டால் நானும் கலாமணியும் ஆறு மாசம் எங்கே? ஆடி மாசத்தில் யார் வீடு கொடுப்பார்கள், பால் காய்ச்சக் கூடாத மாசம், வீடு பார்க்கப் போனாலே என்ன குடும்பமோ என்று ஏற இறங்கப் பார்ப்பார்கள். அக்கா வீடு அன்னூரில் இருக்கிறது. ஷிஃப்ட் இடைவேளையில் அக்காவுக்கு போன் செய்தேன், அழுதாள், மாமாவிடம் போனைக் கொடுத்தாள். மாமா நல்ல மனுஷன், நல்ல மனுஷர்கள் எல்லாரும் நேற்றைக்குப் பேசிவைத்தமாதிரி குரலைத் தாழ்த்தாமல்தான் பேசினார்கள். பாப்பாவுக்கு ஆவணியில முகூர்த்தம் வெச்சாச்சு மாப்ள, நீயே ரோசனை பண்ணிச் சொல்லு என்றார். நான் ரோசனை பண்ணிச் சொல்லவில்லை. போதாக்குறைக்கு இன்றைக்குப் புதன், வடக்கே சூலம், அன்னூர் எங்களுக்கு நேர் வடக்கு. அப்பா நன்றாக இருந்த காலத்தில் புதன்கிழமை வடக்கே போகவேண்டி வந்தால் எல்லாருக்கும் ஒரு வாய் பால் கொடுத்துத்தான் படியிறக்குவார், பரிகாரம். பஸ் போய்விடும் என்று அம்மா கத்துவாள். போனா அடுத்த பஸ்ஸூ, உசுரு போனா அடுத்த உசுரா என்பார். பால் குடித்துவிட்டுப் போகலாம் என்றால் இப்போது அவர் தண்ணீரே குடிக்க மாட்டேன் என்கிறார்.

அடைப்பு. ஒரே வார்த்தை எத்தனை இடத்தில் வந்து உட்காருகிறது. பெரியாஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயசு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, ரத்தக் குழாயில் மூணு இடத்தில் அடைப்பு, இந்த வயசுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க என்றார். வீட்டுக்கு. அவர் சொன்ன வீட்டைத்தான் இப்போது பூட்டவேண்டியிருக்கிறது. மில்லில் கழிவுப் பஞ்சை உறிஞ்சும் குழாயில் அடைப்பு விழுந்தால் சிவப்பு விளக்கு எரியும், நேற்று ராத்திரி ரெண்டு தடவை எரிந்தது, ரெண்டு தடவையும் ஓரடி பின்னால் போய்விட்டேன். பக்கத்தில் நின்றவன், என்ன சிகாமணியண்ணா, லைட்டப் பாத்து நடுங்கறீங்க, போலீஸ் வண்டின்னு நெனச்சுட்டீங்களா என்று சிரித்தான். சிரித்துவைத்தேன். பிறக்குது என்கிற வார்த்தையும் அப்படித்தான். அவிட்டம் பொறக்குது. மாசம் பொறக்குது, வருஷம் பொறக்குது, அமாவாசைகூடப் பொறக்குது. நாள்காட்டியில் எல்லாமே பிறந்துகொண்டே இருக்கிறது. சாக மட்டும் இடமே இல்லை.

சுலோச்சனாம்மாவைக் குறைசொல்ல என்னால் முடியாது. அவர் வீட்டுக்குள் நான் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன், ஃபேன் ஓடவில்லை என்று கூப்பிட்டபோது. நாள்காட்டி தொங்குகிற ஆணிக்குப் பக்கத்து ஆணியில் ஒரு ஹெல்மெட் தொங்கியது. சிவப்பு ஹெல்மெட், தூசி துடைத்து, ஒரு பொட்டு வைத்து. அவர் மாமியார் சதயத்தில் போனவர். முன்னறையைப் பூட்டினார்கள், விளக்கு வைத்தார்கள், எல்லாம் முறைப்படி. ஆனால் மழை பிடித்துக்கொண்டது, நெல் மூட்டையை வைக்க வேறு இடம் இல்லை, கெடு முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போதே பூட்டைத் திறந்துவிட்டார்கள். அந்த வாரமே சின்ன மகன் பைக்கில் போனவன் வரவில்லை. இதை அவர் என்னிடம் சொன்னபோது ரெண்டையும் சேர்த்துச் சொல்லவில்லை. மூட்டையை வைத்தோம் என்றார். கொஞ்சம் நிறுத்தினார். பையன் போயிட்டானுங்க என்றார். நடுவில் இருந்த அந்த நிறுத்தத்தில் எல்லாம் இருந்தது. காலையில் தாள் கிழிக்கும்போதும் அவர் பாதியில் ஒரு கணம் நிறுத்துகிறாரே, அது இதுதானோ. மிச்சமிருக்கிற ஒரு மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். வீட்டில் இன்னொருத்தரைக் கூப்பிடும் என்றால் அந்த வீடு என்பது எந்தச் சுவரோடு முடிகிறது? எங்களுக்கும் அவருக்கும் ஒரே சுவர்.

இப்போது எமகண்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் போய் பிளேடை எடுத்திருக்கிறேன், நினைக்கவே இல்லை, பார்த்திருந்தால் தள்ளிவைத்திருப்பேன். எதைப் பார்த்திருந்தால். எங்கள் வீட்டிலும் ஒரு நாள்காட்டி இருக்கிறது, கதவுக்குப் பின்னால், தையல்காரர் கொடுத்தது. அதைப் பற்றி நான் நினைக்கக் கூடாது என்றுதான் காலையிலிருந்து மற்றதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறேன். விடிந்து வந்ததும் கைகால் கழுவாமல் முதலில் அதைத்தான் பார்த்தேன். உச்சி நேரம் என்று அந்தம்மா சொன்னாரே, சரியாக எப்போது என்று பார்க்கலாம் என்று. பார்த்தேன். திருவோணம் விடியற்காலம் வரைக்கும்தான், பின்பு அவிட்டம் என்று போட்டிருந்தது. மறுபடி பார்த்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில், திருக்கணிதப்படி என்று இருந்தது. அந்தம்மாவுடையது மளிகைக்கடை நாள்காட்டி, அது வாக்கியப்படி. ரெண்டு பஞ்சாங்கத்துக்கும் எப்போதும் ஆகாது. ஒன்று பழைய சூத்திரத்தை வைத்துக்கொண்டு சந்திரன் இங்கே நிற்கவேண்டும் என்கிறது, இன்னொன்று இல்லை, அது அப்போதே தாண்டிவிட்டது என்கிறது. இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஷிஃப்டில் டீ குடிக்கிற நேரத்தில் கிடைத்ததைப் படித்துப் படித்துச் சேர்த்தது. சேர்த்ததில் பயம்தான் அதிகம். பாதி தெரிந்தவனுக்குப் பயமும் ரெண்டு மடங்கு. அவர் நாள்காட்டிப்படி அப்பா இன்னும் வெளியே நிற்கிறார். என் நாள்காட்டிப்படி கதவு சாத்தியாகிவிட்டது. கட்டிலில் இருப்பவர் ஒருத்தர்தான். நான் கலாமணியின் பழைய கைப்பையை எடுத்து அந்த ஆணியிலேயே மாட்டி நட்சத்திரத்தை மறைத்தேன். அவளிடமும் சொல்லவில்லை. காற்றில் கீழ்ப்பாதித் தாள்கள் மட்டும் பைக்கு அடியில் படபடக்கின்றன, வராத நாட்களெல்லாம் ஓரத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டுகின்றன.

ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சுற்றித்தான் வந்துகொண்டிருக்கிறேன். இரவு முழுக்க வேலை பார்க்கிறவனுக்கு நாள் எப்போது மாறுகிறது என்று ஒரு குழப்பம் உண்டு. ராத்திரி பன்னிரண்டுக்கு மாறும் என்பது மில்லுக்கு. சூரியன் வந்தால்தான் மாறும் என்பது பஞ்சாங்கத்துக்கு. நான் நேற்றைப் போட்டுக்கொண்டு உள்ளே போகிறேன், இன்றைக்குள் வெளியே வருகிறேன், நடுவில் எங்கேயும் படுக்கவில்லை, ஆகையால் எனக்கு அது ஒரே நாள். விடியற்காலம், நாலரை ஐந்து இருக்கும், மெஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டிருக்கும்போது ஒரு நினைப்பு வந்தது. இன்னும் நேரம் இருக்கிறது. அவ்வளவுதான் அந்த நினைப்பு. உச்சிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. முதலில் அது நல்ல நினைப்பு மாதிரித்தான் வந்தது, ஏதோ வழி கிடைக்கும், யாராவது போன் செய்வார்கள் என்கிற மாதிரி. ரெண்டு மெஷின் தாண்டியதும்தான் அது வேறு ஒன்று என்று தெரிந்தது. நேரம் இருக்கிறது, எதற்கு? போவதற்கு. அவர் போவதற்கு நேரம் இருக்கிறது. உச்சிக்குள் போய்விட்டால் யாருக்கும் கஷ்டமில்லை. அந்த வாக்கியம் முழுசாக, சுத்தமாக, அறுபடாத நூலாட்டம் எனக்குள்ளிருந்து வந்தது. நான் நடக்கவில்லை, நின்றுவிட்டேன். யார் நினைத்தது? எனக்கு நட்சத்திரம் திருவாதிரை, திருவோணத்தன்று எனக்குச் சந்திராஷ்டமம், வாயைத் திறக்காதே, முடிவு எடுக்காதே என்பார்கள். நினைக்காதே என்று ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை. மீசையைத் தொட்டுக்கொண்டேன். அப்பா போனால் எடுக்கவேண்டிய மீசை. தொட்ட கையை உடனே எடுத்தேன், அதுவும் அந்த நினைப்பைச் சேர்ந்ததுதான் என்று பட்டது. வீட்டுக்கு வந்தால் மழிச்சு உடு என்கிறார். மழிக்க உட்கார்ந்தால் கழுத்துக்கு நேராகப் பிளேடை வைத்துக்கொண்டு தூங்குகிறேன். தூங்கினேனா? தூக்கத்தில் கை நழுவியிருந்தால் அதை எந்த நட்சத்திரத்தில் சேர்ப்பார்கள்? கிண்ணத்துத் தண்ணீரில் ஷேவிங் செட் கிடக்கிறது. சோப்பு படிந்து தண்ணீர் பாலாக இருக்கிறது. அதை எடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது. ஐம்பது வயசை நெருங்குகிறவன், ஒரு பிளேடைப் பார்த்து ஸ்டூலில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் தேங்காய் துருவுகிற சத்தம் ஆரம்பிக்கிறது, கரக், கரக், ஒரே தாளத்தில்.

அப்பாவின் கண் திறந்திருக்கிறது. எப்போது திறந்தது? என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் நினைத்ததெல்லாம் சத்தமாக வந்துவிட்டதோ. மணி என்னாச்சு என்கிறார். உதடு அசைவதைப் பார்த்துத்தான் புரிகிறது. எட்டரை இருக்குமுங்க என்கிறேன், குரல் எனக்கே யாருடையதோ மாதிரி. அவர் கண்ணை மூடித் திறக்கிறார். நாக்கால் உதட்டைத் தடவப் பார்க்கிறார், ஈரம் இல்லை, நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நான் மேடைக்கு எழுந்து போய்க் கஞ்சியை எடுக்கிறேன். அவர் தலையை அசைக்கிறார். வேண்டாம். அப்புறம் பக்கத்தில் வரச்சொல்லி விரலை மடக்குகிறார். காதை அவர் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோகிறேன்.

"அந்தம்மா நேத்து சொல்லிச்சுல்ல சாமி. உச்சிக்குன்னு. அதுக்குள்ள ஆகமாட்டேங்குது. நானும் தண்ணிகூடத் தொடாமப் பாக்கறேன்."

காதுக்குள் இருந்த மில் நின்றுபோகிறது. மத்தியானத்துக்கு முன்னால் ஒருநாளும் நிற்காதது. நேற்று அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன், முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, சாயங்காலத்திலிருந்து, ராத்திரி முழுக்க, நான் மெஷின்களுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்த அதே நேரமெல்லாம், இங்கே வாயை மூடிக்கொண்டு தாகத்தோடு படுத்து, உச்சிக்குள் கிளம்பிவிட வேலை செய்துகொண்டிருந்திருக்கிறார். தொண்டை இறுகவில்லை. தொண்டையை அவர் இறுக்கிப் பிடித்திருக்கிறார். முகம் மழிக்கச் சொன்னது புறப்படுவதற்கு. அப்படியானால் அந்த நினைப்பு எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே ராத்திரியில் வந்திருக்கிறது, அவருக்கு என் பொருட்டு, எனக்கும் என் பொருட்டு. கஞ்சி டம்ளர் மூடியில் பட்டுக் கிலுகிலுவென்கிறது. ஏதாவது சொல்லவேண்டும். அப்படியெல்லாம் இல்லீங்கப்பா என்று சொல்லலாம், அவர் நம்பமாட்டார், வாழ்நாள் முழுக்க நாள் பார்த்தவர். அதெல்லாம் பொய்யுங்க என்று சொல்லலாம், அதை நானே நம்பவில்லை. இன்று சந்திராஷ்டமம், வாயைத் திறக்காதே. திருவோணம் என்றால்தானே எனக்குச் சந்திராஷ்டமம்?

டம்ளரை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போகிறேன். கைப்பையை எடுக்கிறேன். நாள்காட்டியை ஆணியோடு சேர்த்து இழுத்ததில் சுண்ணாம்பு கொட்டுகிறது. கட்டிலுக்குக் கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேராகப் பிடிக்கிறேன். அவருக்கு எழுத்து தெரியாது இப்போது, கண்ணில் புரை. கட்டைவிரலால் தாளைத் தடவுகிறார்.

"நம்ம காலண்டர்ல விடியறதுக்கு முன்னயே பொறந்துருச்சுங்கப்பா."

"எது?"

"அவிட்டமுங்க. அந்தம்மாளுது வாக்கியம். இது திருக்கணிதம். இதுதான் சரியாயிருக்குமாம். திருவோணம் போயி ரொம்ப நேரமாச்சு."

எங்கே படி என்கிறார். படிக்கிறேன். ஆடி மாசம், புதன்கிழமை, பௌர்ணமி, திருவோணம் விடியற்காலம் வரை, பின்பு அவிட்டம். பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகப் படிக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் தேங்காய் துருவும் சத்தம் நிற்கிறது. நிற்கட்டும். கேட்டிருக்கும். கேட்காமல் இருக்காது. அப்பா மேலே ஓட்டுக்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். நெற்றி சுருங்குகிறது. உதடு மெல்ல அசைகிறது, எண்ணுகிறார்: சதயம், பூரட்டாதி. விரல் போர்வைக்கு மேலே ஒவ்வொன்றாக மடங்குகிறது. பஸ்ஸைத் தவறவிட்டவர் முகம் அது, எனக்கு அந்த முகம் தெரியும், புதன்கிழமைகளில் பால் டம்ளரோடு வாசலில் நின்ற முகம்.

"அப்ப நேரம் தப்பிப்போச்சு."

"தப்பிப்போச்சுங்க."

"இனி அசுவினி வரோணும்."

"வரோணுமுங்க. அஞ்சு நாளு."

துண்டு ஏறுகிறது, இறங்குகிறது, இப்போது எனக்கு அது கேட்கக்கூடச் செய்கிறது, ஈரமில்லாத தொண்டையில் உராய்ந்து வருகிற சத்தம். பிறகு வாயோரம் ஏதோ இழுக்கிறது. நான் பயந்து குனிகிறேன். சிரிப்பு.

"அஞ்சு நாளைக்குத் தண்ணியில்லாமக் கெடக்க என்னால ஆவாது சாமி. கொண்டா அதை."

தலையைத் தூக்கிப் பிடித்து ஸ்பூனை வைக்கிறேன். முதல் ஸ்பூன் வாயோரம் வழிந்து நுரையில் கலக்கிறது. ரெண்டாவது உள்ளே போகிறது. தொண்டைக்குமிழ் ஏறி இறங்குவதைப் பார்க்கிறேன், நான் மழிக்காமல் விட்ட இடம். மூன்றாவதற்கு வாயை அவரே திறக்கிறார். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. அது இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. அவர் வெளியே நிற்கிறார் என்று ஒரு நாள்காட்டி சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியிருக்கிறேன். இந்த அஞ்சு நாளில் இந்த நூல் அறுந்தால் அது என் கணக்கு. சுவர் இடிபடும் சத்தம் இப்போதே கேட்கிறது, ஹெல்மெட் ஆணியில் ஆடுகிறது. அஞ்சு நாளும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அசுவினி வந்த பிறகு? அதற்குள் வேறு ஏதாவது கணக்கு கிடைக்கும், வேறு ஏதாவது பஞ்சாங்கம். அந்தப் பக்கத்திலிருந்து சுலோச்சனாம்மா கூப்பிடுவார் என்று காத்திருக்கிறேன். தம்பி என்று ஒரு சொல் வந்தால் போதும், எழுந்துபோய் நிற்கவேண்டியதுதான். சுவரை ஒட்டி யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது, சேலை உரசுவது கேட்கிற மாதிரி. பிறகு கரக் என்று ஒரு தடவை. நின்று, மறுபடி கரக், கரக். தேங்காய் பாதி மூடி மிச்சமிருக்கும்போல.

கிண்ணத்துத் தண்ணீர் ஆறிவிட்டது. அதை ஊற்றிவிட்டு, அடுப்பில் இருந்த வெந்நீரை எடுத்துவந்தேன். காய்ந்த நுரையை ஈரத் துணியால் துடைத்து, பிரஷ்ஷை நனைத்து, சோப்பில் சுற்றிச் சுற்றிப் புதுசாக நுரை வரவழைத்தேன். இடது கன்னம், தாடை, கழுத்து. ஷேவிங் செட்டை வெந்நீரில் அலசி உதறினேன். மணிக்கட்டைக் கட்டில் சட்டத்தில் ஊன்றிக்கொண்டேன்.

"கொஞ்சம் உப்புங்கப்பா."

அவர் உதட்டைக் குவித்தார். கன்னம் மெல்ல எழும்பி, குழி நிரம்பி, அப்படியே நின்றது.